ஒழுகுற கூரைக்கு ஒசரம் எவ்வளவு?

டொக்.

குண்டானுக்குள்ள சொட்டு விழுந்துச்சு. எம் பொண்டாட்டி இசக்கி அண்ணாந்து மேல பாத்தா. பெறகு குண்டானப் பாத்தா. மறுபடியும் மேல பாத்தா.

"என்னட்டி, மழையவே கண்டதில்லாத மாதிரி பாக்க?"ன்னேன்.

அவ அடுத்த சொட்டுக்காகக் காத்துக்கிட்டு இருந்தா. டொக். அதே எடம்.

நாங்க ரெண்டு பேரும் மாடியில உக்காந்திருந்தோம். மாடின்னதும் பெருசா நெனச்சுராதீங்க. தாராவியில கீழ் ரூமுக்குத் தலையில இன்னொரு ரூம ஏத்தி, அதுக்கு ஒரு இரும்பு ஏணியச் சாத்திட்டா அதுக்குப் பேரு மாடி. எங்க மாடிக்கு ரெண்டரை அடிதான் செவரு. அதுக்கு மேல மூங்கில நட்டு, நீலத் தார்ப்பாய நடுவுல தூக்கி, ரெண்டு பக்கமும் சரிவா இழுத்துக் கட்டியிருந்தேன். கூடாரம் மாதிரி. அந்த நடு மூங்கில்ல ஒரசி ஒரசித் தார்ப்பாய் கிழிஞ்சு போச்சு. அது வழியாத்தான் சொட்டு.

ஆமா, நான் தார்ப்பாய் கட்டுறவன்தான். ஊரு கூரையெல்லாம் நான் கட்டுனது. ஒழுகுனது என் வீடு. போன வாரம், நான் ட்ரெயின் நெரிசல்ல ஒத்தச் செருப்போட கோவண்டி வரைக்கும் போன கதையப் படிச்சுட்டு சிரிச்சவங்க, இதுக்கும் சேத்து இப்பவே சிரிச்சு முடிச்சுருங்க. மேல போக வேண்டியது நெறைய இருக்கு.

அந்தக் குண்டானுக்கு அடியில ஒரு புஸ்தகம் இருந்துச்சு. குண்டான் ஆடாம நிக்கணும்னு முட்டுக் கொடுத்தது. பத்தாங்கிளாஸ் கணக்குப் புஸ்தகம். வச்சது இசக்கிதான். ஒரு வாரத்துக்கு முன்னாடி வரைக்கும் அந்தப் புஸ்தகத்த நான் தாண்டிப் போனாக்கூட, "கால் படாமப் போங்க"ன்னு சத்தம் போட்டவ.

கூரை வழியாப் பள்ளிக்கூடம் போனவன்

அது எப்படி குண்டானுக்கு அடியில போச்சுன்னு சொல்லுததுக்கு முன்னாடி என்னயப் பத்திக் கொஞ்சம் சொல்லிக்கிடுதேன். என் பேரு சுடலைமுத்து. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். நான் பொறந்தது, வளந்தது, அடி வாங்குனது எல்லாமே தாராவி.

பள்ளிக்கூடத்துல என்னயச் சேத்தாங்க. நானும் போனேன். ஜன்னல் ஓரமா எடம் போட்டது வாத்தியாரு செஞ்ச தப்பு. அவரு போர்டுப் பக்கம் திரும்புனாரு, நான் வெளிய குதிச்சேன். அதோட சரி. வருசக்கணக்குக்குப் பெறகு அதே பள்ளிக்கூடத்துக் கூரையில தார்ப்பாய் கட்ட என்னயக் கூப்பிட்டு விட்டாவ. வாசல் வழியாப் போனப்ப எனக்கு ஒண்ணும் ஏறல. கூரை வழியாப் போனேன், டீ வாங்கிக் கொடுத்து "வாங்க அண்ணாச்சி"ன்னாங்க.

எண்ணுக்குப் பஞ்சமில்ல. டேப்புல இருக்கிற நம்பரு, பஸ் நம்பரு எல்லாம் படிப்பேன். எழுத்துதான் வராது. "அப்ப வாராவாரம் இது எப்படி வருது?"ன்னு கேப்பீங்க. நான் சொல்லுதேன், இசக்கி எழுதுதா. அவளுக்குத் தமிழ் முத்து முத்தா வரும். ஒரே ஒரு கஷ்டம், அவளத் திட்டிச் சொன்னா வேகமா எழுதுதா. பாராட்டிச் சொன்னா பேனாவக் கீழ வச்சுருதா. இந்த வாரம் பேனா கீழதான் ஜாஸ்தி கிடக்கு.

மே மாசம் வந்துட்டா பம்பாய்க்கு என் ஞாபகம் வரும். மாட்டுங்கா மொட்டைமாடி, செம்பூர் காலனி, பாண்டுப் மேட்டு வீடுன்னு மழைக்கு முன்னாடி எங்க பாத்தாலும் நீலம் நீலமாத் தெரியும்லா, அதுல பாதி என் முடிச்சு.

மூங்கில் வேலையில ஒரு சௌகரியம் உண்டு. கணக்கே வேண்டாம். மூங்கில நடு. அடியில போய் நில்லு. தலையில தட்டுனாத் தூக்கு. ரொம்ப ஒசந்துட்டா அறு. எல்லாம் முடிஞ்ச பெறகு எவ்வளவு வருதோ, அதான் ஒசரம். மொதல்ல கூரை. நம்பரெல்லாம் அப்புறம்.

மாட்டுங்காவுல ஒரு பெரியவரு, பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனவரு, காபி டம்ளரோட மொட்டைமாடிக்கு வந்தாரு.

"ஏம்ப்பா, சென்டர்ல ஹைட் என்ன வரும்?"

"கட்டி முடிச்சதும் சொல்லுதேன் சார்."

"முன்னாடியே தெரியணுமே!"

"பொறக்கப் போற பிள்ள ஆணா பொண்ணான்னு முன்னாடியே கேக்கக் கூடாது சார். சட்டப்படி குத்தம்"னேன்.

அவரு சிரிச்ச சிரிப்புல காபி சட்டையெல்லாம் கொட்டிப் போச்சு. நான் ஏதோ பெரிய அறிவாளி மாதிரி மிதப்பா எறங்கி வந்தேன். அந்த மிதப்ப எறக்குனது இசக்கி.

எட்டாங்கிளாஸ் இல்லாத பள்ளிக்கூடம்

இசக்கி படிச்சது தாராவியில, தமிழ் மீடியம், ஏழு வரைக்கும். அதுக்கு மேல அங்க தமிழ்ல எட்டே கிடையாது. "ஃபெயிலாகி நின்னவங்க உண்டு. நான் பாஸாகி நின்னவ"ம்பா.

பெறகு கல்யாணம், மக பொறந்தது, மகளுக்கும் கல்யாணம் ஆகி அவ காட்கோபர் போனது எல்லாம் வரிசையா ஆச்சு. வீட்டுல நாங்க ரெண்டு பேருதான்னு ஆனதும் இசக்கி ஒரு பால்வாடியில ஆயாவாச் சேந்தா. சின்னப் புள்ளைகளுக்கு மூக்கு தொடச்சு விடணும், சோறு ஊட்டணும், பாய் விரிக்கணும்.

அங்க டீச்சர் லீவு போட்ட நாள்ல எல்லாம் பாடம் சொல்லிக் கொடுக்கிறது இவதான். பாட்டு, கதை, ஒண்ணு ரெண்டு மூணு எல்லாம். புள்ளைக இவளத்தான் "டீச்சர் டீச்சர்"னு கூப்பிடும். அந்த டீச்சர் வேலைய விட்டுட்டுப் போறதா பேச்சு வந்தப்ப, பால்வாடிய நடத்துற பாய், அதாவது அந்த மராத்திக்கார அம்மா, இசக்கியக் கூப்பிட்டுச் சொல்லிச்சு: "எனக்கு நீதான் வேணும். ஆனா பத்தாவது பாஸ் இல்லாம உன்னய டீச்சராப் போட முடியாது."

அன்னைக்கு வீட்டுக்கு வந்தவ அரிசி களைஞ்சுக்கிட்டே சொன்னா: "ஏங்க, நான் நைட் ஸ்கூல்ல சேந்துட்டேன்."

சேரப்போறேன்னு இல்ல. சேந்துட்டேன். நான் சொன்னேன், "சரி, ஹோம்வொர்க் செய்யலன்னு என்னயக் கூட்டிட்டு வரச் சொன்னா மட்டும் வரமாட்டேன். எனக்கும் வாத்தியாருக்கும் பழைய பகை இருக்கு."

மாட்டுங்காப் பக்கம் நைட் ஸ்கூல். எல்லாம் இந்தியில. வேலை முடிஞ்சு வந்த டெய்லரு, செக்யூரிட்டி, வீட்டு வேலைக்குப் போற பொம்பளைகன்னு ஒரு கிளாஸ். பரீட்சயும் எழுதுனா. இந்தி பாஸ், சயின்ஸ் பாஸ், எல்லாம் பாஸ். கணக்கு மட்டும் போச்சு.

மழைக்காலத்துலயே மறுபரீட்ச உண்டு. அந்த ஒண்ண எழுதுனாப் போதும். ஆனா இசக்கி, "இனி முடியாதுங்க. என் மூளை அவ்வளவுதான்"னு சொல்லிட்டுப் புஸ்தகத்தக் கொண்டு போய்க் குண்டானுக்கு அடியில வச்சுட்டா.

அவள மடக்குனது முக்கோணம். ரெண்டு சரிவு கொடுத்திருப்பான், அடிப்பக்கம் கொடுத்திருப்பான், ஒசரத்தக் கண்டுபிடின்னு கேப்பான். சரிவ அதாலயே பெருக்கி, அதுல இருந்து அடிப்பக்கத்த அதாலயே பெருக்கிக் கழிக்கணும்னு மனப்பாடம் பண்ணி வச்சிருந்தா. கழிக்கப் போனா, சின்ன நம்பர்ல இருந்து பெரிய நம்பரக் கழிக்கச் சொல்லும்.

"இருபத்தஞ்சுல அறுபத்து நாலு எப்படிங்க போகும்?"னு என்னயக் கேட்டா.

"நம்ம வீட்டுல மாசா மாசம் போகுதுல்லா?"ன்னேன்.

அன்னைக்கு அவ சிரிக்கல. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. என் ஜோக்குக்கு அவ சிரிக்காத நாளு ரொம்பக் கம்மி.

டொக்

இப்ப மறுபடியும் அந்த மழை நாளுக்கு வாங்க.

மூணாவது சொட்டு விழுந்ததும் இசக்கி எந்திரிச்சா. குண்டான்ல இருந்து இந்தப் பக்கத்துச் செவரு வரைக்கும் சாண் போட்டா. பெறகு அந்தப் பக்கத்துச் செவரு வரைக்கும் சாண் போட்டா. ரெண்டும் சரியா இருந்துச்சு. குண்டானத் தூக்கி என் மடியில வச்சா. தண்ணியோட. புஸ்தகத்த உருவி முந்தானையில தொடச்சா.

"ஏங்க, ஆதாரப் பாதியாக்கணுங்க!"

"கோட்டி புடிச்சுட்டா? ஆதார் கார்டு எடுக்க லைன்ல நின்னு என் கால் வீங்குனது மறந்துட்டா? அதப் பாதியாக் கிழிக்கணுமாம்!"

"கார்டு இல்லங்க! அடிப்பக்கத்துக்கு இந்தியில ஆதார்னு பேரு. இந்தாப் பாருங்க. தார்ப்பாய் மேல ஓடுற தண்ணி எங்க போகுது?"

"சரிஞ்சு செவத்தோரம் போகுது."

"அதான் சரிவு. ஒழுகுற தண்ணி?"

"என் மடிக்கு வருது."

"வெளையாடாதீங்க. நேர கீழ வருதுல்லா? அதான் ஒசரம். அது எங்க விழுது? நட்டநடுவுல. அப்ப சரிவுக்கும் ஒசரத்துக்கும் நடுவுல கிடக்கிறது பாதித் தரைதான். நான் முழுத் தரையயும் போட்டுப் போட்டுக் கழிச்சேன், அதான் போகல!"

எனக்குப் பாதி புரிஞ்சுது. மீதிப் பாதி மடியில நனஞ்சுது. ஆனா அவ மூஞ்சியப் பாத்தேன். மக மொத மொத நடந்த அன்னைக்கு இருந்த மூஞ்சி.

"அப்ப பரீட்ச எழுதுதியா?"ன்னேன்.

மூஞ்சி வாடிப் போச்சு. "புஸ்தகத்துக்குள்ள வந்தா சரியா வருமா வராதான்னு யாருக்குத் தெரியும்? மறுபடியும் தோத்தேன்னா என்னால தாங்க முடியாதுங்க."

மிச்ச ரெண்டடி எங்க?

கூரை இனித் தாங்காதுன்னு ஆயிப்போச்சு. தார்ப்பாய எறக்கிட்டு இரும்புச் சட்டம் வச்சு மேல தகரம் போட்டுருவோம்னு முடிவு பண்ணோம். தகரத்த இங்க பத்ராம்போம்.

சட்டத்துக்குக் காதர் பாய். மேலப்பாளையத்துக்காரரு. எங்க சந்து முனையில வெல்டிங் கடை. அவரு செய்றது பூரா ஜன்னல் கம்பி. ஜன்னல் என்னைக்கும் சாயாது பாருங்க, அதனால அவரும் இந்தச் சாய்வு வேலைக்குப் புதுசு.

"அளவு சொல்லும்வே சுடலை"ன்னாரு.

இங்கதான் எனக்கு வேர்த்துச்சு. மூங்கில்னா நட்டுட்டுப் பாத்துக்கிடலாம். இரும்ப முன்கூட்டியே வெட்டணும். வெட்டுனா வெட்டுனதுதான். வாழ்க்கையில மொத தடவையா கூரைக்கு முன்னாடி நம்பர் சொல்ல வேண்டி வந்துச்சு.

தெரியாதுன்னு சொல்லுத பழக்கம் எனக்குக் கிடையாது. "ரூம் அகலம் எட்டு. ரெண்டு பக்கச் சரிவுக்கும் அஞ்சஞ்சடிக் கம்பி போடுங்க பாய். செவரு ரெண்டரை, கம்பி அஞ்சு. மொத்தம் ஏழரை அடி ஒசரம். ஒட்டகமே வந்து நிக்கும்!"

ஏழரைன்னு வாயில வந்தப்பவே எனக்கு ஒறச்சிருக்கணும். ஒறைக்கல.

டீ கொண்டுக்கிட்டு வந்த இசக்கி டம்ளர வச்சுட்டு, "ஏழரை வராதுங்க. அஞ்சரைதான் வரும்"னா.

"எப்படி?"

"எட்டுல பாதி நாலு. நாலு நாலு பதினாறு. அஞ்சஞ்சு இருபத்தஞ்சு. இருபத்தஞ்சுல பதினாறு போனா ஒம்பது. மூணு மூணு ஒம்பது. அப்ப முக்கோணத்துக்கு ஒசரம் மூணடி. செவரு ரெண்டரை. மொத்தம் அஞ்சரை."

"ஏட்டி, அஞ்சடிக் கம்பிய ஏத்துனா மூணடிதான் நிக்கும்னா மிச்ச ரெண்டடி எங்க போச்சு? காதர் பாய் தின்னுட்டாரா?"

"என்னய ஏம்வே இழுக்கீரு"ன்னாரு காதர் பாய்.

"கம்பி மேல மட்டும் போகல. பக்கத்துலயும் போகுதுல்லா? அகலம் தின்னுட்டுங்க"ன்னா இசக்கி.

எனக்கு ரோஷம் வந்துட்டு. பம்பாய்ல பாதிக் கூரைய ஏத்துன நானு! "பந்தயம்!"னேன். "அஞ்சு வராம மூணு வந்துச்சுன்னா, நீ பரீட்ச எழுதுற நாள் வரைக்கும் அடுப்படி என்னோடது."

அவ கம்பியப் பாத்தா.

"சரி. மூணு வரலன்னா, இந்த வீட்டுல இனிமே யாரும் பரீட்சப் பேச்ச எடுக்கக் கூடாது. நீங்களும்தான்."

அத அவ வெளையாட்டாச் சொல்லல. அப்பதான் எனக்குத் தெரிஞ்சுது, நான் ஜெயிச்சா என்ன ஆகும்னு. ஆனா வாய விட்டாச்சு. காதர் பாயும் கம்பிய அறுக்க ஆரம்பிச்சுட்டாரு.

டேப்பு பிடிச்ச நாள்

மழை ஒரு நாளு லீவு விட்டுச்சு. காலையிலயே வெட்டுன கம்பிகள மாடிக்கு ஏத்தி, செவத்து மேல வச்சே சட்டத்த ஒட்டுனோம். முன்பக்கம் ஒரு முக்கோணம், பின்பக்கம் ஒரு முக்கோணம், ரெண்டுக்கும் நடுவுல உச்சியில ஒரு நீளக் கம்பி. சந்து பூரா அண்ணாந்து நின்னுச்சு. பந்தய விசயம் எப்படியோ பரவிப் போச்சு. எப்படியோன்னா, நான்தான் சொன்னேன்.

காதர் பாய் முன்பக்கத்து உச்சியில டேப்ப மாட்டிக் கீழ விட்டாரு. டேப்பு ஆடி ஆடி நின்னுச்சு. செவத்து மட்டத்துக்குக் குறுக்க நூல் பிடிச்சுப் பாத்தாரு.

"இசக்கியம்மா, மூணு. சுத்தமா மூணு."

கீழ இருந்து விசில் பறந்துச்சு. "சுடலை அண்ணாச்சி, என்ன கொழம்பு இன்னைக்கு?"ன்னு ஒரு குரலு.

எனக்குத் தோத்ததுல சந்தோசம் பொங்குது. ஆனா வாயி இருக்கே, அது சும்மா கிடக்குமா? "இருங்க இருங்க, பின்பக்கமும் பாக்கணும்லா!"ன்னு டேப்ப வாங்கிட்டுப் போய் நானே அங்க மாட்டுனேன்.

"மூணடி நாலு இஞ்சு!"ன்னு கத்திட்டேன்.

கத்துன பெறகுதான் இசக்கியப் பாத்தேன்.

அவ மூஞ்சியில ரத்தமே இல்ல. "மூணுதான வரணும்... அப்ப நான் போட்டது தப்பா?"ன்னா. யாரையும் கேக்கல, தனக்குத் தானே கேட்டா. விசிலெல்லாம் நின்னு போச்சு. நான் டேப்பச் சுருட்டப் பாத்தேன். "சவம், நாலு இஞ்சுதான, விடுட்டி. பாய், மூணுன்னே எழுதிக்கிடுங்க"ன்னேன்.

"சுருட்டாதீங்க"ன்னா.

சட்டுனு உக்காந்தா. பின்செவரையும் முன்செவரையும் மாறி மாறிப் பாத்தா. பெறகு, "பாய், பின்பக்கத்து அகலத்த அளங்க"ன்னா.

"எட்டுதான?"ன்னேன் நானு.

"நீங்க முன்பக்கத்தத்தான அளந்தீங்க?"

ஆமா. முன்பக்கம் மட்டுந்தான் அளந்தேன். தாராவியில எந்த ரூமு சதுரமா இருந்திருக்கு? பக்கத்து வீட்டுக்காரன் செவரு கட்டும்போது ஒரு பக்கம் கொஞ்சம் உள்ள வருவான், நாம இன்னொரு பக்கம் கொஞ்சம் வெளிய போவோம். எல்லா ரூமும் கோணல்தான். இது எனக்குத் தெரியாதா? தெரியும். மூங்கில்ல அது ஒரு பொருட்டே இல்ல.

காதர் பாய் அளந்தாரு. "ஏழரை."

அந்த ஏழரை என்னய விடவே இல்ல பாத்துக்கோங்க.

இசக்கி, காதர் பாய் காதுல சொருகியிருந்த சாக்பீஸ வாங்குனா. சாத்தி வச்சிருந்த பத்ராவுல எழுத ஆரம்பிச்சா. ஏழரையில பாதி மூணே முக்கால். அத அதாலயே பெருக்குனா. பதினாலும் சொச்சமும். இருபத்தஞ்சுல அது போனாப் பதினொண்ணுக்குக் கொஞ்சம் கம்மி. எந்த நம்பர அதாலயே பெருக்குனா அது வரும்னு ஒண்ணொண்ணாப் போட்டுப் பாத்தா. அழிச்சா. மறுபடியும் போட்டா. மேல கருமேகம் கூடிக்கிட்டு வருது. சந்துல ஒருத்தனும் நகரல.

"மூணடியும், நாலு இஞ்சுக்குக் கொஞ்சம் கம்மியும்"னா.

"நாலு இஞ்சு. நான்தான் பாத்தேனே!"

"கொஞ்சம் கம்மிங்க."

காதர் பாய் ஸ்டூல் போட்டு ஏறி, கண்ணாடிய மாட்டிக்கிட்டு டேப்புக்குப் பக்கத்துல போனாரு. ரொம்ப நேரம் பாத்தாரு.

"ஏ சுடலை! நாலு இல்லவே. நாலுக்கு ரெண்டு மூணு நூல் கம்மி!" ஒரு இஞ்ச எட்டாப் பிரிச்சா, அதுல ஒரு பங்குதான் நூல்.

இசக்கி சாக்பீஸக் கீழ வச்சா. எந்திரிச்சா. உச்சிக் கம்பிக்கு நேர் கீழ, நட்டநடுவுல, நிமுந்து நின்னா. "அகலம் கொறஞ்சா ஒசரம் கூடுது"ன்னு சொன்னா. எங்கள்ட்ட சொன்ன மாதிரி இல்ல. அந்தக் கம்பிகிட்ட சொன்ன மாதிரி இருந்துச்சு.

நான் கைதட்டுனேன். தோத்தவன்தான் மொதல்ல கைதட்டுனேன்.

"தோத்ததுக்கு இப்படிப் பல்லக் காட்டுதவன நான் பாத்ததே இல்ல"ன்னாரு காதர் பாய்.

செம்பூர் வாசல்ல

பரீட்ச வரைக்கும் அடுப்படி என்னோடதாச்சு. நான் வச்ச சாம்பாரப் பத்தி எழுத மாட்டேன்னு இசக்கி சொல்லுதா. பரீட்சயில ஃபெயிலானாலும் பரவாயில்ல, சீக்கிரம் தேதி வந்தாப் போதும்னு அவ வேண்டிக்கிட்டது மட்டும் எனக்குத் தெரியும்.

பத்ரா போட்ட மாடியிலதான் படிச்சா. மழை மேல தடதடன்னு அடிக்கும். உள்ள ஒரு சொட்டு வராது. அதுல எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. ஓரத்துல தார்ச் சீலை ஒட்டுனது நான்தான்.

சென்டர் செம்பூர்ல விழுந்துச்சு. சயான் வரைக்கும் நடந்து, அங்க ஆட்டோ புடிச்சுக் கொண்டு போய் விட்டேன். வாசல்ல பூரா அம்மா அப்பா கூட்டம். எல்லாருக்கும் புள்ள உள்ள. எனக்குப் பொண்டாட்டி உள்ள.

குடைக்குள்ள நின்ன ஒரு அம்மா, பேச்சுத் தொணைக்குக் கேட்டாவ. நம்ம ஊரு அம்மாதான்.

"உங்களுக்குப் பையனா, பொண்ணா?"

"வீட்டுக்காரிம்மா."

"டீச்சரா? சூப்பர்வைசரா வந்திருக்காங்களா?"

"இல்லம்மா, எழுதுதா."

அந்த அம்மா என்னய ஏற எறங்கப் பாத்தாவ. நான் கொஞ்சம் நிமுந்து நின்னேன். ஒசரம் கூடுச்சு. அந்த வாசல்ல அன்னைக்கு என்னய விட ஒசரமானவன் எவனும் இல்ல.

வெளிய வந்தவகிட்ட கேட்டேன், "முக்கோணம் வந்துச்சா?"

"வந்துச்சு."

"ஒசரம் கேட்டானா?"

"கேட்டான்."

"பாதியாக்குனியா?"

"கேள்வியப் படிச்சதும் என் காதுல டொக்குனு கேட்டுச்சுங்க"ன்னா. அவ்வளவுதான்.

அஞ்சரை அடி

ரிசல்ட்டு வந்த அன்னைக்கு அவ போனத் தொடமாட்டேன்னுட்டா. மாடியில போய் பால்வாடிப் புள்ளைகளுக்குக் காகிதத்துல பூ வெட்டிக்கிட்டு உக்காந்துட்டா. நான் போன எடுத்துக்கிட்டு காதர் பாய் கடைக்கு ஓடுனேன். நம்பர நான் சொன்னேன், அவரு அடிச்சாரு. திரை சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே கிடக்குது.

"பாய், என்ன சொல்லுது?"

"இரும்வே. நெட்டு இல்ல."

"இப்ப?"

அவரு கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. மறுபடியும் மாட்டுனாரு. "கணக்கு... பாஸு! எல்லாம் பாஸு! ஏ சுடலை, உம்ம பொண்டாட்டி பத்தாங்கிளாஸ்வே!"

நான் சந்துல ஓடுன ஓட்டத்துல ரெண்டு வாளி உருண்டுச்சு. ஏணியில தாவி ஏறுனேன். எங்க ஏணி இருக்கிறது முன்பக்கம். முன்பக்கத்துல உச்சி அஞ்சரை அடி. நான் அஞ்சடி எட்டு இஞ்சு. சந்தோசத்துல நிமுந்துட்டேன்.

டங்குனு ஒரு சத்தம். மூணாவது வீடு வரைக்கும் கேட்டுச்சாம்.

"என்னாச்சுங்க?"

"பாஸு"ன்னேன், நெத்தியப் புடிச்சுக்கிட்டு உக்காந்து.

"யாரு?"

"நான் படிச்சேனா? நீதான்!"

அவ கத்திரிக்கோலக் கீழ வச்சா. போன வாங்குனா. பேர் சரியா இருக்கான்னு பாத்தா. நம்பர் சரியா இருக்கான்னு பாத்தா. மறுபடியும் பேரப் பாத்தா. போன் கண்ணாடியில ஒரு சொட்டு விழுந்துச்சு. நான் மேல பாத்தேன். கூரை ஒழுகல.

பெறகு எங்கிட்ட வந்து, நெத்தியில இருந்த கைய எடுத்து விட்டுப் பாத்தா.

"ஐயோ, முக்கோணம் மாதிரிப் புடைச்சுருக்குங்க!"

"எவ்வளவு ஒசரம் இருக்கும்? கணக்குப் போட்டுச் சொல்லுங்க டீச்சர்"ன்னேன்.